குளியலறைக்கு முந்தைய நாட்கள்

அவசர ஊர்திக் கட்டுப்பாட்டு அறையில் அவளை எல்லோரும் 'சொல்லுங்கக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். தொலைபேசியை எடுத்ததும் அவள் சொல்லும் முதல் சொல் அது. வீட்டில் கதவு தட்டினாலும் "சொல்லுங்க" என்றுதான் திறப்பாள். அவள் வேலை சுலபமாகச் சொல்லிவிடக் கூடியது. காதொலிப்பானை மாட்டிக்கொள்ள வேண்டும். எங்கே, யாருக்கு, மூச்சு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வண்டியை அனுப்பிவிட்டு அடுத்த அழைப்பை எடுக்க வேண்டும். அனுப்பிய வண்டி போய்ச் சேர்ந்ததா, ஆள் பிழைத்தாரா என்பதெல்லாம் அவள் மேசைக்குத் திரும்பி வருவதில்லை. பல வருடங்களாக அதற்குப் பழகிப் போயிருந்தாள்.

ஒரு மத்தியானம் ஒரு பெரியவர் கூப்பிட்டார். மனைவி குளியலறையில் விழுந்துவிட்டாள், கண் திறக்கவில்லை என்றார். எந்த இடம் என்று கேட்டாள்.

"மகன் வீட்டுக்கு வந்திருக்கோம்மா. விலாசம் தெரியல. அவன் வேலைக்குப் போயிட்டான்."

சன்னல் வழியாக என்ன தெரிகிறது என்று கேட்டாள். மஞ்சள் நிறத் தண்ணீர்த் தொட்டி, அதற்குக் கீழே ஒரு தையல் கடை என்றார். கடைப் பலகையைப் படிக்கச் சொன்னாள். கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போனார். அவர் செருப்பில்லாமல் நடக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அதற்குள் இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. கைப்பேசிக் கோபுரம் காட்டிய வட்டத்துக்குள் பாதி ஊர் அடங்கியது. ஒரு வண்டியை அந்தப் பக்கம் சுற்றவிட்டாள். சற்று நேரத்தில் பெரிய சாலையில் ஒரு விபத்து என்று மேற்பார்வையாளர் அதையும் அங்கே திருப்பிவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவளாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள்.

மறுநாளும் அந்த எண்ணுக்குப் போட்டுப் பார்த்தாள். அதற்கடுத்த நாளும். எடுப்பார் இல்லை. விடுமுறை நாளில் அவள் கணவர் தான் ஓட்டும் பள்ளி வேனில் அவளை ஏற்றிக்கொண்டு அந்த வட்டாரத்தைச் சுற்றினார். மஞ்சள் தொட்டிகள் தெருவுக்கு ஒன்று இருந்தன. தையல் கடைகளுக்கும் பஞ்சமில்லை. ஒரு கடையில் விசாரித்தபோது, போன வாரம் எதிர் மாடியில் கூட்டம் கூடியதாகச் சொன்னார்கள். ஓடிப் போய்க் கேட்டால், அது புதுக் கட்டிலை மாடிக்கு ஏற்றிய கூட்டமாம். வேனைப் பார்த்த பிள்ளைகள் விடுமுறையில் கூடவா வந்து நிற்கிறார் என்று வீட்டுக்குள் ஓடியதுதான் மிச்சம். கணவர் வேனைத் திருப்பினார்.

அதற்குப் பிறகுதான் எழுதத் தொடங்கினாள். உணவு இடைவேளையில், பணிமனை உணவகத்தின் மூலை மேசையில் உட்கார்ந்து, வண்டி போய்ச் சேர்ந்தது போலவும், அந்த அம்மாள் கண் விழித்தது போலவும், மகன் ஓடி வந்து அழுதது போலவும் எழுதினாள். படித்துப் பார்த்தாள். மருத்துவமனைச் சுவரில் ஒட்டும் அறிவிப்பு மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டாள்.

விலாசம் ஏன் தெரியாமல் போனது? அந்தக் கேள்வி மட்டும் அவளை விடவில்லை. வரும் வழியில் அப்பனுக்கும் மகனுக்கும் சின்ன மனஸ்தாபம் என்று வைத்துக்கொண்டாள். அதனால் பெரியவர் வண்டியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். தெருப் பெயரைக் கேட்கவில்லை. மனைவி, வீட்டிலிருந்து கொண்டு வந்த தன் தலையணையைக் கட்டிப்பிடித்துத் தூங்கிவிட்டாள். அந்தத் தலையணையை அவள் யோசித்து எழுதவில்லை. பேனா போகிற போக்கில் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த நாள் எழுதிய பக்கத்தில் அந்த அம்மாள் மகன் வீட்டு மின்தூக்கியின் முன்னால் நின்று, "பொட்டியில போட்டு மூடுறதுக்கு இன்னும் நாள் இருக்கு, நான் நடந்தே வர்றேன்" என்றாள். பெரியவர் மூட்டை முடிச்சோடு தனியாக உள்ளே போனார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் மேலும் கீழுமாகப் போய் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும்போது, படியேறி வரும் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். எழுதிக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குடித்த தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. பக்கத்து மேசை ஓட்டுநர், என்னக்கா நல்ல சேதியா என்று கேட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய் முகம் கழுவினாள். ஒருத்தி எங்கோ விழுந்து கிடந்தாள். தன்னால் ஒரு வண்டி அனுப்ப முடியவில்லை. இங்கே உட்கார்ந்து அவளை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். சில நாள் பேனாவைத் தொடவில்லை. ஆனால் அடுப்படியில் நிற்கும்போதும், பேருந்தில் தொங்கும்போதும் அந்த அம்மாள் பேசிக்கொண்டே இருந்தாள். மருமகளின் துவைக்கும் இயந்திரத்தோடு சண்டை போட்டாள். மகன் வாங்கிக் கொடுத்த செருப்பு கால் அளவுக்குச் சரியாக இருக்கிறது என்பதையே ஒரு குறையாகச் சொன்னாள்.

கடைசியில் கணவரிடம் சொன்னாள். அவர் வேனின் இருக்கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நீ சிரிச்சது அந்தப் பெரியவரப் பாத்து இல்ல. அவங்கள உனக்குத் தெரியவே தெரியாதே. இது நீயா உண்டாக்கின ஆளுங்க."

"அப்படி நெனச்சுக்கலாம். ஆனா மனசு ஒப்பல."

"ஒப்பாட்டியும் எழுது. நீ சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை ஒன்றைக் கவனித்தாள். கதை தானாக முன்னால் போகவில்லை. அந்த மத்தியானத்துக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் அவள் அதற்கு முந்தைய நாளுக்குப் போய்விடுவாள். அங்கிருந்து அதற்கும் முந்தைய நாளுக்கு. மகன் வீட்டுக்கு வந்த வாரம் முடிந்து, மகன் கல்யாணத்துக்குப் போய், அவன் பிறந்ததற்குப் போய், கதை பின்னோக்கி நடந்தது. அந்த அம்மாளுக்கு நாளாக ஆக வயது குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு பக்கமும் எழுதுகிறவளுக்குத் தேனாக இனித்தது. ஒரு வாக்கியத்தை நாலு விதமாக மாற்றிப் பார்த்து, எதில் அந்த அம்மாளின் குரல் கேட்கிறது என்று காது கொடுப்பாள். கேட்டுவிட்டால் அன்று முழுக்க வேலையில் கை ஓடும்.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் பக்கங்களைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தாள். ஒரு நாள் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, கடைசியில அந்தப் பாட்டி பொழைக்கிறாங்களா இல்லயா?"

"தெரியலடி."

"நீதானே எழுதுற?"

"நான்தான் எழுதுறேன். அதுக்காக எனக்குத் தெரியணுமா?"

மகள் விடவில்லை. ஒரு முடிவு இல்லாமல் கதையை எங்கே அனுப்புவது, யார் படிப்பார்கள் என்றாள். நியாயமான பேச்சுதான். ஒரு விடுமுறை நாளில் அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அந்த மத்தியானத்தை எழுத உட்கார்ந்தாள். வாளி நிறைகிற சத்தத்தை எழுதினாள். ஈரத் தரையை எழுதினாள். அந்த அம்மாள் குழாயை மூட எட்டுகிறாள் என்று எழுதும்போது கை நின்றது. வேலையில் 'மூச்சு இருக்குதா பாருங்க' என்று கேட்டால் எதிர்முனையில் ஒருத்தர் பார்த்துச் சொல்வார். இங்கே போய்ப் பார்க்க அவளை விட்டால் ஆளில்லை. அவளால் பார்க்க முடியவில்லை. பிழைக்க வைத்தால் அது பொய் என்று அவளுக்கே தெரிந்துவிடும். சாக வைக்கவும் அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் மனம் வராமல், அரை வாக்கியத்தோடு மகளின் பாடப்புத்தகத்துக்கு அடியில் வைத்தாள்.

இன்றைக்கும் அது அப்படியேதான் இருக்கிறது. அந்த எண்ணை இப்போது வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். ஒரு முறை போட்டபோது ஒரு வாலிபக் குரல், தவறான எண் என்று வைத்துவிட்டது. பெரியவரைப் பற்றி இனித் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

போன வாரம் அவள் அந்தத் தம்பதியின் முதல் சண்டையை எழுதிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிது, ஒரே அறை, ஒரே அலமாரி, அதை எந்தச் சுவரில் வைப்பது என்று இருவரும் முட்டிக்கொள்கிறார்கள். பக்கம் பக்கமாகப் போயிற்று. வெளியே மழை பிடித்துக்கொண்டது அவளுக்குத் தெரியவே இல்லை. கணவர் வந்து, கொடியில் நனைந்த துணிகளை எடுத்து, நாற்காலிகளின் மேல் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார்.

"ஏங்க, சின்ன ரூம்ல அலமாரிய எந்தப் பக்கம் வெப்பீங்க?"

அவர் கையில் ஒரு சட்டையோடு நின்று, சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

"கதவு எந்தப் பக்கம் தொறக்குது?" என்று கேட்டார்.

அதை அவள் யோசித்திருக்கவில்லை. பேனாவை எடுத்தாள்.