மல்லிகை வாசனை வந்த பொட்டலம்

சாமி கும்பிட என்றில்லாமல், சும்மா மலையைப் பார்ப்பதற்கென்றே எங்கள் குடும்பம் ஒரே ஒரு முறைதான் மலை ஏறியது. அப்போது எனக்கு ஒன்பது வயது. மைசூரில் அக்ரஹாரத்தை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு நஞ்சன்கூட்டில் தொழிற்சாலை வேலை. தினமும் ரயிலில் போய் வருவார். அந்த ரயில் சிநேகிதர் ஒருவர் சிக்கமகளூருக்கு அப்பால் இருக்கும் மலைக்காட்டுக்குப் போய்வந்து, அங்கே மேகம் நம் காலுக்குக் கீழே போகிறது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு வேறு பேச்சே இல்லை.

அது தேசியப் பூங்காவாம். பூங்கா என்றதும் என் தம்பி, ஊஞ்சல் இருக்குமா என்று கேட்டான். ஊஞ்சல் இல்லை, யானை இருக்கும் என்றார் அப்பா. காட்டு இலாகாவில் முன்பே அனுமதி வாங்க வேண்டும். வழிகாட்டி ஒருவர் கூட வருவார். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். தசராவுக்கு ஊரே மைசூருக்கு வருகிற சமயத்தில் நாங்கள் மைசூரை விட்டுக் கிளம்புவது என்று முடிவாயிற்று. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அப்பா ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினார். டார்ச், கயிறு, தொப்பி, அட்டைப் பூச்சிக்கு உப்பு. கயிறு எதற்கு என்று அம்மா கேட்டாள். மலை என்றால் கயிறு வேண்டாமா என்றார் அப்பா. அவ்வளவுதான் அவருக்கும் தெரியும்.

அந்த உப்பைப் பிடித்துக்கொண்டவள் அத்தை. அப்பாவின் தங்கை. கௌதள்ளியில் கட்டிக்கொடுத்து இரண்டே வருடத்தில் புருஷனை லாரி விபத்தில் பறிகொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருந்தாள். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கல்யாணம், வளைகாப்பு, புதுமனை என்று எல்லோரும் பட்டுப்புடவை கட்டிக் கிளம்பும்போது அவள் மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்வாள். அது அவளுடைய வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பழைய பாவாடைத் துணியைக் கிழித்து, கணுக்காலில் கட்டிக்கொள்கிற மாதிரி ஆறு உப்புப் பைகள் தைத்தாள். நாங்கள் ஆறு பேர்: அப்பா, அம்மா, நான், தம்பி, அத்தை, அம்மாவின் தம்பியான என் மாமா.

"அண்ணா, நானும் வர்றேனுங்ணா," என்று அவளாகத்தான் கேட்டாள். "கல்யாணம் காட்சின்னாத்தான் நான் முன்னால நிக்கக் கூடாது. மலை என்னைய ராசி பாக்குமா?"

"நீ இல்லாம எங்களுக்கு யாரு சோறு கட்டுவாங்க? வா வா," என்றார் அப்பா.

மறுநாளே மார்க்கெட்டுக்குப் போய் வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கிவந்து, புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து பழகினாள். மாமா விடவில்லை. "ஏனக்கா, யானையோட ஓட்டப் பந்தயமா?" என்றார். "யானை ஜெயிச்சா உன்னைத்தான் குடுத்துட்டு வருவோம், போடா," என்றாள் அத்தை. எங்கள் வீட்டில் அத்தை சிரித்து நான் பார்த்த நாட்களில் அந்த வாரம்தான் அதிகம்.

மாமா ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். கடைக் கேமராவை வாங்கிவந்து, மலை உச்சியில் என்னை நிற்கவைத்துப் படம் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். நான் அதை வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன். மேகத்துக்கு மேலே நிற்கும் படம் கொண்டுவருகிறேன் என்று சத்தியம் வேறு பண்ணியாயிற்று.

பிறகு ஒரு நாள் அப்பா முகம் தொங்கிப் போய் வந்தார். ஒரு குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி, ஒரு வழிகாட்டிக்கு ஐந்து பேர்தான், சிநேகிதர் விசாரித்துச் சொல்லிவிட்டார் என்றார். நாங்கள் ஆறு பேர். யாரோ ஒருவர் நிற்க வேண்டும். யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் நிற்க வேண்டியது ஒன்று அப்பாவின் தங்கை, இல்லாவிட்டால் அம்மாவின் தம்பி என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள். மாமா, தான் நின்றுகொள்வதாக ஒப்புக்குச் சொன்னார். அத்தை அதுவும் சொல்லவில்லை. ஷூவைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். எப்போதும் முதலில் விட்டுக்கொடுப்பவள் அன்றைக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அப்பா சொன்னார். "நம்மூர்ல எப்பவும் பண்றதுதானே. ஆத்தாகிட்டப் பூ கேட்டுரலாம்."

எங்கள் சொந்த ஊர்ப் பக்கத்தில் கிணறு வெட்டவும் பெண் கொடுக்கவும் பூக் கேட்காமல் செய்ய மாட்டார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். மனதில் நினைத்ததைச் சொல்லிவிட்டு, கள்ளம் கபடம் அறியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். அத்தை மலைக்கு வரலாமா என்பது கேள்வி. எடுக்க வேண்டிய குழந்தை நான்.

வெள்ளிக்கிழமை காலையில் சந்துமுனை அம்மன் கோயிலுக்குப் போனோம். அத்தை தான் வைத்துக்கொள்ளாத மல்லிகையை அம்மனுக்கு என்று ஒரு முழம் வாங்கிவந்திருந்தாள். பூசாரி எப்போதும் வாசனையே இல்லாத நந்தியாவட்டையைத்தான் வெள்ளைக்கு வைப்பாராம். முதல்நாள் மழையில் செடி மொட்டையாகிக் கிடந்தது. அதனால் அத்தை கொடுத்த சரத்திலிருந்தே நாலு மல்லிகையைப் பிய்த்தார். சிவப்புக்கு அரளி. இரண்டையும் வாழையிலைக் கிழிசலில் மடித்து நாரால் கட்டி வைத்தார். மைசூர் மல்லிகையை இலையில் மடித்து ஒளித்துவிட முடியுமா என்று பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் எல்லோரும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தார்கள். அத்தையின் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

"தகோ மகளே," என்று பூசாரி கன்னடத்தில் எடுக்கச் சொன்னார்.

நான் குனிந்து கும்பிட்டேன். என் மூக்குக்கு நேராக இரண்டு பொட்டலமும் இருந்தன. இடது பக்கத்துப் பொட்டலத்திலிருந்து மல்லிகை வாசனை வந்தது. அதை எடுத்தால் அத்தை வருவாள், மாமா நிற்பார், கேமரா நிற்கும், வகுப்பில் என் தலை குனியும். அவ்வளவும் ஒரு மூச்சில் ஓடிற்று. அம்மன் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன்.

பூசாரி பிரித்தார். "கெம்பு," என்றார். சிவப்பு.

அப்பா இருமினார். அம்மா முகத்தில் வந்த நிம்மதியை உடனே மறைத்துக்கொண்டாள். அத்தை கொஞ்ச நேரம் அந்த அரளியையே பார்த்தாள். பிறகு கைநீட்டி வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, முந்தானையில் முடிந்துகொண்டாள். என் தலையைத் தடவினாள்.

"நல்ல கை அம்மிணி உன்னுது. ஆத்தா சொன்னத அப்படியே எடுத்துக் குடுத்துட்டே."

வீட்டுக்கு வந்து ஆறாவது பையைப் பிரித்து உப்பைத் திரும்ப ஜாடியில் கொட்டினாள். நாங்கள் கிளம்பிய அன்று புளிசாதம் கட்டிக் கொடுத்து, வாசலில் நின்று கை காட்டினாள்.

மலை அடிவாரத்து வாசலில் எங்களை எண்ணிப் பார்த்த காவலர், தம்பியையும் என்னையும் கையால் ஒதுக்கிவிட்டு, "சிக்க மக்களு லெக்கக்கில்ல சார்," என்றார். சின்னப் பிள்ளைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லையாம். அப்படியானால் பெரியவர்கள் மூன்றே பேர். இன்னும் இரண்டு பேரைக்கூட அழைத்து வந்திருக்கலாம். அப்பா நேரில் விசாரித்திருந்தால் பூவே கேட்டிருக்க வேண்டாம். அவர், "எப்படியும் ஆத்தாதான் வேண்டாம்னுட்டாளே," என்று சொல்லிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். என் கணுக்காலில் கட்டியிருந்த உப்புப் பை மேலே ஏறும்வரை உறுத்திக்கொண்டே வந்தது. படம் நன்றாகவே வந்தது. மேகம் கீழேதான் இருந்தது. வகுப்பில் கை மாறி ஒரு சுற்று வந்து, மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அடுத்த தை மாதம் அத்தைக்கு ஒரு இடம் வந்தது. அப்பாவோடு வேலை செய்பவர். மனைவி இறந்து, சின்னப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. நல்ல மனிதர் என்று அம்மாவே சொன்னாள். அத்தை அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேணும்னா மறுபடியும் பூக் கேட்டுப் பாத்துரலாமா?" என்றார் அப்பா.

"வேண்டாங்ணா. ஒரு மலைக்கு வர்றேன்னு கேட்டதுக்கே சிவப்பத்தான் குடுத்தா. எனக்குன்னு எதுவும் கேக்கக் கூடாதுன்னு அர்த்தம். திரும்பத் திரும்பக் கேட்டா அவளுக்கே சலிச்சுப் போயிரும்."

நான் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ச் சொல்லிவிட எட்டு அடிதான் தூரம். நான் பென்சிலைச் சீவினேன்.

அந்த மனிதர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். அத்தை இன்றும் என் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். போன மாதம் என் மகன் செல்போனில் அதே மலைக்கு அனுமதி போட்டான். அத்தைக்கும் சேர்த்துப் போடச் சொல்லிவிட்டு, இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அம்மனுக்கு விளக்குப் போட்டுக் கும்பிட்டுக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன்.

"எனக்கு அந்த மலை இல்ல கண்ணு," என்று சிரித்தாள். குங்குமச் சிமிழைத் திறந்து காட்டினாள். உள்ளே கறுத்துச் சுருண்ட ஒரு பூ. "நீ எடுத்துக் குடுத்தது. மனசு எதுக்காவது அலைபாஞ்சா இதைப் பாத்துக்குவேன். அடங்கிரும்."

முப்பது வருடம் அவள் பிடித்துக்கொண்டு நின்றதை அது சாமி கொடுத்ததல்ல, நான் கொடுத்தது என்று சொல்லிப் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். தினமும்தான் கோயிலுக்குப் போகிறேன். அம்மன் பாதத்துக்கு மேலே என் பார்வை போவதில்லை.

அன்றைக்குக் கோயிலில் அத்தை அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, அவளுக்குக் கோபம் இல்லை, அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அந்த நிம்மதியில் எனக்குப் பசி எடுத்தது. படி இறங்கும்போது அவள் விரலைப் பிடித்து இழுத்து, "அத்தை, பசிக்குது," என்றேன். "வா கண்ணு, சூடா தோசை ஊத்தித் தர்றேன்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லோருக்கும் முன்னால் வேகமாக நடந்தாள்.