புரட்ட மறந்த ரோடு

ஒரு காலத்தில் குன்னூர் கடைத்தெருவில் எரிந்த சிவப்பு எழுத்துகளில் பாதி சில்வஸ்டர் அண்ணன் வளைத்தவை. கண்ணாடிக் குழாயை நெருப்பில் வாட்டி, வாயால் ஊதி ஊதி வளைப்பார். நியான் வாயு அடைத்துக் கரண்ட் கொடுத்தால் எழுத்து எரியும். பனி இறங்கிய சாயங்காலங்களில் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் நான் பஸ்ஸை ஸ்டாண்டுக்குள் திருப்புவேன்.

நான் மேட்டுப்பாளையம் ரூட் டிரைவர். அவரும் சம்சாரம் ஞானசுந்தரி அக்காவும் கோயமுத்தூரில் குழாய் வாங்கிக்கொண்டு என் பஸ்ஸில்தான் பர்லியாறு ரோட்டில் மலை ஏறுவார்கள். நாலடிக் கட்டு இரண்டு பேர் மடியிலும் கிடக்கும். வளைவு வந்தால் இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்வார்கள். ஒரு குழாய் உடைந்ததில்லை.

“மெதுவா ஓட்டுங்க தம்பி, கண்ணாடி இருக்குது,” என்பார் அக்கா.

“ஆளுங்களும் இருக்கறாங்கக்கா,” என்பேன்.

அக்காவுக்கும் தொழிலில் பங்கு உண்டு. குழாயின் முன்பக்கம் கீழே இருக்கும்படி படத்தின்மேல் வைத்து வளைப்பதால், படம் இடம் வலம் மாறி இருக்க வேண்டும். அண்ணன் நேராகத்தான் வரைவார். அக்கா கார்பன் பேப்பர் வைத்துப் புரட்டி எடுத்துக் கொடுப்பார்.

எல்.இ.டி. வந்ததும் கடையை மூடினார்கள். அதற்கப்புறம்தான் அண்ணன் தன் இஷ்டத்துக்கு வரைய ஆரம்பித்தார். வட்டத்தை வெட்டும் கோடு, முக்கோணத்துக்குள் முக்கோணம் என்று வரைந்து, குழாயில் வளைத்து, வீட்டுச் சுவரெல்லாம் மாட்டினார். வந்தவர்கள், “எந்தக் கடை போர்டுங்க இது?” என்று கேட்பார்கள். சிரித்துக்கொள்வார்.

போன வருஷம் அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. இனி பஸ்ஸே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“அப்ப பர்லியாறு ரோட்ட இனிப் பாக்கவே முடியாதுங்களா?” என்று அக்கா கேட்டது அண்ணனுக்குத் தைத்துவிட்டது. என்னிடம் வளைவு வளைவாகக் கேட்டு, ஸ்கேலும் காம்பஸுமாக அந்த ரோட்டை வரைந்தார். மிச்சமிருந்த கடைசிக் குழாய்களை வளைத்து, அக்காவின் கட்டிலுக்கு எதிரே மாட்டி, என்னையும் கூப்பிட்டுச் சுவிட்சைப் போட்டார்.

முதல் வளைவே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. அதில் ஓட்டினால் பஸ் பள்ளத்தில்தான்.

“ஏனுங்க, படத்தப் புரட்டலீங்களா?” என்றார் அக்கா.

அண்ணன் முகம் செத்துவிட்டது. முப்பது வருஷமாக அந்த வேலையை அவர் செய்ததே இல்லை. வளைக்க இனிக் குழாயும் இல்லை.

நான்தான் அதைக் கழற்றி, பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டினேன். ரோடு சரியாகிவிட்டது. ஆனால் குழாய் முனைகளைப் பின்னால் மடித்து, வெளிச்சம் தெரியாமல் அடித்திருந்த கறுப்புப் பெயிண்ட் இப்போது முன்னுக்கு வந்து, ரோடு அங்கங்கே அறுந்து தெரிந்தது.

“கெட்டுப்போச்சு,” என்றார் அண்ணன்.

“இல்லீங்க. அங்கெல்லாம் பனி. தம்பி ஹாரன் அடிச்சுட்டே வருமே, மறந்துட்டீங்களா?”

அண்ணன் கட்டிலில் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அக்கா அந்த ரோட்டில் கீழேயிருந்து கண்ணாலேயே ஏறிக்கொண்டிருந்தார். முதல் வளைவில் அக்காவின் தோள் லேசாகச் சாய்ந்தது.

“மெதுவா ஓட்டுங்க தம்பி,” என்றார்.