துறையில் போட்ட லாரி முடிச்சு

துடுப்பின் அகலமான பக்கத்தால் முதுகில் ஓங்கி ஒன்று. நாற்பத்தாறு வயதில், படகுத்துறையில், பத்துப் பேர் பார்க்க எனக்கு விழுந்த அடி அது. அடித்தவன் என் மனைவியின் தம்பி. எங்கள் பக்கம் அக்காள் புருசன் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காரவே யோசிப்பார்கள். இவன் துடுப்பையே எடுத்தான். அதிலும் ஒரு கூத்து, மரியாதையை மட்டும் விடவில்லை. "எத்தன தடவைங்க மாமா சொல்றது? அவுருங்க அந்த முடிச்சை! இது லாரி இல்லீங்க!" என்று கத்திக்கொண்டே அடித்தான்.

சங்ககிரியிலிருந்து வடக்கே இருபது வருடம் லாரி ஓட்டியவன் நான். இடுப்பு தேய்ந்துபோய், இனி ஸ்டியரிங்கைத் தொடாதே என்று டாக்டர் சொன்ன பிறகு, காவிரியில் சின்ன மோட்டார் படகு விட்டுக்கொண்டிருந்த இந்த மச்சினனிடம் வந்து சேர்ந்தேன்; மாப்பிள்ளை என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். இன்ஜின் அவன் கையில், துறையில் கயிறு என் கையில். அவன் சரியான முரடன். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோலப் படகு நிற்கும் முன்பே குதிக்கப் பார்ப்பவர்களை நெஞ்சில் கைவைத்துத் தள்ளி உட்கார வைப்பான். கரைக்கல்லில் காலை ஊன்றிப் படகை நிறுத்தப் போன ஒருவரைப் பளாரென்று அறைந்தான். "நசுங்குனா ஒட்ட வெக்க முடியுமாய்யா?" என்று கேட்டான். நீரோட்டத்தை எதிர்த்தே துறைக்கு வருவான். படகின் பக்கவாட்டில் தொங்கும் பழைய டயர் கல்லில் உரசிய பிறகுதான் ஆட்கள் எழலாம். மேல்தண்ணி, அதாவது தண்ணீர் வரும் பக்கத்துக் கயிற்றை முதலில் கட்ட வேண்டும், கிளம்பும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இரும்புக் கம்பத்தில் இரண்டு சுற்று, பிறகு ஒரே இழுப்பில் கழன்று வருகிற மாதிரி மடித்துச் செருகல். அவ்வளவுதான்.

எனக்கு அது ஒரு கட்டாகவே தெரியவில்லை. தார்ப்பாய் மேல் கயிறு போட்டு, காலை உதைத்து இழுத்து நான் போடுகிற முடிச்சு நாக்பூர் போய்ச் சேர்ந்தாலும் ஒரு நூல் தளராது. நம்மிடம் லோடு கட்டக் கற்றுக்கொண்டவர்களே எத்தனை பேர், இவன் யார் எனக்குச் சொல்ல என்ற திமிர். அடி வாங்கிய பின் ஒரு வாரம் அவன் சொன்னபடி கட்டினேன். எட்டாம் நாள் பழைய முடிச்சையே போட்டேன். மறதி இல்லை, வீம்பு. இறுக்கிக் கட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவன் இன்ஜினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை.

ஒன்பது பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மேலே அணையில் தண்ணீரைக் கூட்டித் திறந்துவிட்டார்கள் என்று கரையில் யாரோ கத்தினார்கள். கத்தி முடிப்பதற்குள் ஆறு செம்மண் நிறத்தில் வந்து மோதியது. படகின் பின்பக்கம் வெளியே வீசப்பட்டு, கயிறு கம்பிபோல விறைத்து, படகு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே கொட்டியது. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. "அவுத்து உடுங்க மாமா!" என்றான் மாப்பிள்ளை. ஈரத்தில் என் முடிச்சு கல்லாகியிருந்தது. நகம் பிய்ந்து ரத்தம் வந்ததே தவிர அது அசையவில்லை. அவன் ஒரே தாவலில் படியில் குதித்து, என்னைத் தோளால் இடித்துக் கீழே தள்ளிவிட்டு, முடிச்சுக்குள் வலது கை விரல்களைக் கொடுத்தான். அலை படகைத் தூக்கிக் கயிறு ஒரு கணம் தளர்ந்தது. விரல்கள் உள்ளே போயின. படகு மறுபடி இழுத்தது.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. கரையில் கடை போட்டிருந்த இளநீர்க்காரரின் அரிவாளைப் பிடுங்கி ஓடிவந்து நான்கு வெட்டு வெட்டினேன், கயிறு அறுந்தது. ஓட்டுநர் இல்லாமல் படகு சுழன்று போய், கீழே நாணல் புதரில் சொருகி நின்றது. ஒன்பது உயிரும் பிழைத்தன. கம்பத்தடியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு வலது கையில் நான்கு விரல்கள் போயிருந்தன.

சேலம் ஆஸ்பத்திரியில் விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், "தண்ணி திடீர்னு வந்துருச்சுங்க, கயிறு தானா இறுகிக்கிச்சுங்க" என்றான். அவர் போனதும் அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடிப்பான், கொல்லுவான் என்று நினைத்தேன். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அவனோ கண்ணை மூடியபடி, "கைய உள்ள உட்டதுமே தெரிஞ்சுதுங்க, உங்க முடிச்சுதான்னு. அக்காகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க மாமா. அவ உங்ககூடத்தான் பொழைக்கோணும்" என்றான்.

சொல்லவில்லை, ஆறு வருடமாக. இப்போது நானே ரோட்டோரத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். படகை விற்றுவிட்டு அவனும் எங்களோடு வந்துவிட்டான். காலையில் என் மனைவி அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடும்போது, "அந்தப் பாழாப்போன ஆறு நாசமாப் போவ" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டுவாள். அவன் சிரிப்பான், என் பக்கம் மட்டும் பார்க்க மாட்டான். நான் பாலைக் காய்ச்சுவதுபோல முதுகைக் காட்டி நிற்பேன். கடைக்கு வருகிற எந்தத் தாளையும் எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுகிறவள் அவள். அச்சில் வந்தால் இதையும் படிப்பாள்.