நான் நீக்கிய இரண்டு வரிகள்

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு பழைய நிரலைக் காட்டி, இது ஏன் கடைசியிலிருந்து நகலெடுக்கிறது என்று கேட்டாள். "பஸ்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், வயதாகிவிட்டது என்ற முடிவு தெரிந்தது.

என் இளவயதில் மைசூரில், ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை. இதயத் துடிப்பைத் திரையில் காட்டும் கருவி செய்துகொண்டிருந்தோம். புதுத் துடிப்பு இடது ஓரத்தில் வரும். பழையவை வலப்பக்கம் நகர வேண்டும். அதற்காக நினைவகத்தில் இருப்பதை ஓயாமல் இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதை வேகமாக்குவதுதான் எனக்கும் மல்லிகாவுக்கும் வேலை. கொள்ளேகாலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அந்தக் கட்டடத்தில் நான் தமிழில் பேச இருந்த ஒரே ஆள் அவள்தான்.

ஒவ்வொரு பைட்டாக நகர்த்தியதை நான்கு நான்காக்கினோம். அதற்கு ஆகும் நேரம், மின்னலைகளைக் காட்டும் ஸ்கோப் கருவியின் திரையில் ஒரு மேடாகத் தெரியும்; நேரம் குறைந்தால் மேடு ஒல்லியாகும். மேடு ஒல்லியான நாளில் வாசலில் சுருமுரி என்னும் காரப்பொரி வாங்கித் தின்போம். அந்த மேட்டின் மேல் எனக்குப் பைத்தியம் என்றே சொல்லலாம்.

மல்லிகா நிதானக்காரி. "பஸ்ல எல்லாரும் ரெண்டு சீட்டு பின்னாடி தள்ளி உக்காரணும்னா, கடைசி ஆளுதானே மொதல்ல எந்திரிக்கோணும்? இல்லீனா மடி மேல உக்காந்துக்குவாங்க" என்பாள். பழைய இடமும் புது இடமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால், கடைசியிலிருந்து தொடங்கச் சொல்லும் இரண்டு வரிகளை எழுதி வைத்திருந்தாள்.

மருத்துவமனையில் கருவியைக் காட்ட வேண்டிய நாள் காலையில், அவள் பஸ் வருமுன் அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டேன். மேடு இன்னும் மயிரிழை ஒல்லியாகுமே என்ற சபலம். ஆனது. எங்கள் சோதனைப் பெட்டி தரும் துடிப்பெல்லாம் ஒரே அச்சு என்பதால் தப்பும் தெரியவில்லை. அவளிடம் பிறகு சொல்லி அசத்தலாம் என்றிருந்தேன்.

டாக்டர் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தபடி திரையைப் பார்த்தார். நாடி தடுக்கித் தடுக்கிப் போகிறது. திரையிலோ ஒரே துடிப்பு வரிசையாக நகலாகி நிற்கிறது. கருவியை அணைத்து எங்கள் கையில் கொடுத்துவிட்டார்.

அலுவலகம் திரும்பியதும் முதலாளி அந்த நிரல் இருந்த கோப்பைத் திறந்தார். தலைப்பில் மல்லிகாவின் பெயர். "யாரு பரெதித்து இது?" எழுதியது யார் என்கிறார். வரிகள் காணாமல் போனதை அவளும் பார்த்துவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஸ்கோப்பைப் பார்த்தேன்.

"நானே சார்" என்றாள்.

அந்த மாதத்தோடு அவளை அனுப்பிவிட்டார்கள். நான் வரிகளைத் திரும்பச் சேர்த்து, கோளாறைச் சரிசெய்தவன் என்று நல்ல பெயரும் வாங்கிக்கொண்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு கொள்ளேகால் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறாளாம். தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும். நீயே சொல்லுவேன்னுட்டு சாயங்கால பஸ்ஸ விட்டுப்போட்டு உக்காந்திருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

இப்போது இந்த வேலையையெல்லாம், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே பார்த்துக்கொள்கிறது. வீட்டில் பிள்ளைகள் கன்னடத்தில் பேசிக்கொள்கிறார்கள். அலுவலகத்தில் நான் எழுதுவதை யாரும் மறுப்பதில்லை. மூத்தவர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். மல்லிகா மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தள்ளு, இது தப்பு" என்று சொல்ல ஒருவரும் இல்லை.