கழுவின கேரட்

ஓசூர் கம்பெனி ஒன்றிலிருந்து ஓய்வு பெற்ற என் மகன், பெங்களூரில் ஒரு பழைய காலத்துப் பெரிய ஓட்டலுக்கு என்னைச் சாப்பிடக் கூட்டிப்போனான். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே போனேன். தட்டில் கேரட் தழைக்காம்போடு வந்தது. கடித்ததும் அந்தப் பச்சைவாசனை என்னை எட்டு வயதில் கொண்டுபோய் விட்டது.

இதே ஓட்டலுக்குத்தான் அப்பா ஓசூர்ப் பக்கத்து எங்கள் ஊரான பேரிகையிலிருந்து கேரட் கொண்டுவருவார். கழுவினால் சீக்கிரம் அழுகும் என்று மண்ணோடுதான் வாங்குவார்கள். எனக்கு அது தெரியாது. அவ்வளவு பெரிய இடத்துக்கு மண்ணோடு போவதா என்று, முந்தின நாள் சாயங்காலமே கூடை முழுவதையும் தேய்த்துக் கழுவி, ஈரச்சாக்கால் மூடிவைத்துவிட்டேன். அப்பா பார்க்காமலே தூக்கிவந்தார். நானும் கூட வந்தேன்.

பின்கேட்டில் சமையல்காரர் சாக்கை விலக்கினார்.

"என்னய்யா, கேரட்டுக்குக் கல்யாணமா? குளிப்பாட்டிக் கூட்டியாந்திருக்கே! எடுத்துட்டுப் போ. இனிமே உங்கிட்ட வாங்கறதில்ல."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "நான்தான் சாமி கழுவிட்டேன், புத்தி கெட்டுப்போயி" என்றார். நான் வாய் திறக்கவில்லை. அந்த வாடிக்கை அன்றோடு போனது.

சாப்பிட்டு முடித்து, பின்கேட்டைப் பார்க்கவேண்டும் என்று மகனிடம் சொன்னேன். அங்கே காவல்காரர் கைநீட்டித் தடுத்தார்.

"அம்மா, இது காய்கறி வண்டி வர்ற வழி. நீங்க முன்வாசல்லயே போங்க."

"கழுவினது எங்கப்பா இல்லப்பா, நான்தான்" என்றேன்.

அவர் ஒன்றும் புரியாமல் என் மகனைப் பார்த்தார். அந்தக் கேட்டில் சொல்லவேண்டியதை நான் சொல்லியாகிவிட்டது.