பொன்னுச்சாமி அண்ணாச்சி நாட்டிய கல்

அறிவிப்பு ஆட்டோ தெருமுனையோடு நின்றுவிட்டது. "நம் வார்டின் முன்னாள் கவுன்சிலர், சிமெண்ட் வணிகச் சக்கரவர்த்தி, பொன்னுச்சாமி அண்ணாச்சி அவர்கள்..." என்று ஒலிபெருக்கி அங்கிருந்தே அழுதது. எங்கள் தெருவுக்குள் ஆட்டோ வராது. சாக்கடை ஓடும் திறந்த வாறுகால் பாதித் தெருவைத் தின்றுவிட்டது. அதைத் தின்னவிட்ட பெருமகனார்தான் அன்று காலமாகியிருந்தார்.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வாறுகாலைக் கட்ட அவர் அடிக்கல் நாட்டிய நாளை மறக்க முடியுமா? அன்று உடைத்த தேங்காயின் சத்தத்தில் பக்கத்து ஊரான கரிவலம்வந்தநல்லூரில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஆளுயரக் கருங்கல்லில் அவர் பெயர் தங்க நிறத்தில் மின்னியது. வாறுகால் என்ற சொல் மட்டும் ஒரு மூலையில், எறும்பு வாசிக்கும் அளவில் இருந்தது. படம் எடுத்து முடிந்ததும், பிரித்த சிமெண்ட் மூட்டையை மறுபடி கட்டித் தன் கடைக்கே அனுப்பிவிட்டார். ஊருக்கெல்லாம் சிமெண்ட் விற்றவர் எங்கள் தெருவுக்குத் தந்தது ஒரு கரண்டிக் கலவை.

"வேலை எப்போ அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கல்லு நட்டாச்சுல்லா வே! பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான்" என்றார்.

எதிர்வீட்டுச் செண்பகம் பூக்கட்டி விற்பவள். ஒரு நாள் கூடையோடு வாசலைத் தாண்டும்போது வாறுகாலில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். அண்ணாச்சி ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடும் போட்டோக்காரரோடும் எழுந்தருளினார். "பாத்து நடக்கப்படாதா தாயி? வாறுகாலு அங்கனயேதான கெடக்கு, அதுவா வந்து உன் மேல விழுந்துச்சு?" என்று அருளுரையும் வழங்கினார்.

பிறகு ஒரு மழையில் அடிக்கல் சாய்ந்தது. தெருவே கூடி அதைத் தூக்கி, செண்பகம் வாசலில் வாறுகாலுக்குக் குறுக்கே பாலமாகப் போட்டோம். பெரிய மனிதர் பெயரை மிதிக்கலாகாது என்ற மரியாதையால் எழுத்துப் பக்கத்தைக் கீழே திருப்பினோம். அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க வந்த அண்ணாச்சி அதன்மேல் நின்றுதான் கும்பிட்டார்.

"பாலம் ஜோரா இருக்கே, யாரு போட்டா?"

"எல்லாம் நீங்கதான் அண்ணாச்சி" என்றாள் செண்பகம்.

மறுநாள் பிரசார ஒலிபெருக்கியில் அவருடைய சாதனைகளோடு அந்தப் பாலமும் சேர்ந்துவிட்டது.

இப்போது அண்ணாச்சி காலமாகி, பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் அவர் மகன் வந்தான். அப்பா பெயர் பொறித்த கல் அது ஒன்றுதானாம். வீட்டு முன்னால் நாட்டி மாலை போட வேண்டுமாம். செண்பகம் கம்பை ஊன்றிக் கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"எடுத்துக்கோ தம்பி. மொதல்ல உங்க கடையில இருந்து ஒரு சிலாப்பு கொண்டாந்து போடு. இல்லன்னா நான் எப்படி வாசலை விட்டு எறங்குவேன்? யாவாரத்துக்கு எப்படிப் போவேன்?"

"நாளைக்கே ஆள் அனுப்புதேன் சித்தி" என்றான். அப்படியே அப்பா குரல். ஆள் வரவில்லை.

ஆகவே அண்ணாச்சியின் நினைவாக அந்தக் கல் எங்களிடமே இருக்கிறது. செண்பகம் பூக்கூடையோடு அதன்மேல் நடந்து சந்தைக்குப் போகிறாள். வாழ்நாளில் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்காத எங்கள் வாறுகாலை, அவர் பெயர் இப்போது இரவும் பகலும் பார்த்துக்கொண்டு கிடக்கிறது.