அழுகை அறையில் ஒரு பகல் ஆட்டம்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். என் கணவர் டுவேனே இன்றுவரை இதை நம்பவில்லை. அவரோடும் நாற்பது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில், பாப்கார்ன் மணக்கிற ஒரு தியேட்டருக்குள் நடந்தது. ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

1981, பிப்ரவரி மாதம். மினசோட்டாவில் நார்ட்விக் என்ற ஊருக்கு நாங்கள் அதற்கு முந்தைய கோடையில்தான் குடிவந்திருந்தோம். டுவேன் லாரி ஓட்டிக்கொண்டு டகோட்டா பக்கம் போயிருந்தார். வீட்டில் நானும் என் நாலு மாதப் பிள்ளை லார்ஸும் மட்டும். ஜன்னல் பாதி வரை பனி. பிள்ளைக்கு வயிற்றுக் கோளாறு. ராத்திரி முழுக்க வீல் வீலென்று கத்துவான். நான் ஒழுங்காகத் தூங்கி எத்தனை வாரம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அந்த அழுகையைக் கேட்டுக் கேட்டு, பிள்ளை மேலேயே எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்திருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே மருந்து சினிமாதான். படம் நன்றாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. விளக்கு அணையும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துவார்களே, அது போதும். முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து இருட்டில் சிரிப்பதும் மூக்கைச் சிந்துவதும் வீட்டு டிவியில் கிடைக்காது. டுவேன் முதன்முதலாக என் கையைப் பிடித்ததே ஒரு தியேட்டரில்தான். கையெல்லாம் பாப்கார்ன் வெண்ணெய்ப் பிசுக்கு. அதை நான் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவேன்.

எங்கள் பக்கத்து ஊர்களில் புதன்கிழமை பகல் ஆட்டம் என்றால் அது பெண்களுக்கு. புருஷன்மார் தானியக் கிடங்குக்கும் வங்கிக்கும் அலைகிற நேரத்தில், பண்ணை வீட்டுப் பெண்கள் பிள்ளைகுட்டியோடு வந்து படம் பார்ப்பார்கள். அதற்கென்றே பழைய தியேட்டர்களில் ஓர் 'அழுகை அறை' கட்டியிருப்பார்கள். ஹாலின் கடைசியில், தடித்த கண்ணாடி போட்ட சின்ன அறை. பிள்ளை கத்தினால் தூக்கிக்கொண்டு அதில் போய் உட்கார வேண்டும். கண்ணாடி வழியே படம் தெரியும். சுவரில் ஒரு ஸ்பீக்கரில் வசனம் கேட்கும். உள்ளே பிள்ளை தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஒரு சத்தம் வராது.

அந்த அறைக்கென்று ஒரு பழக்கம் உண்டு. முறை போட்டுக்கொள்வார்கள். ஒருத்தி உள்ளே இருந்து எல்லார் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். மற்றவர்கள் வெளியே போய் நிம்மதியாகப் படம் பார்ப்பார்கள். பாதியில் ஆள் மாறும். யாரென்றே தெரியாதவளாக இருந்தாலும், 'இப்ப என் முறை' என்று கையை நீட்டினால் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். சந்தேகப்பட்டால் அது அவமரியாதை. என் அம்மா என்னை அப்படி எத்தனை பேரிடம் கொடுத்திருக்கிறாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அன்று புதன்கிழமை. ஸ்டார்லைட் தியேட்டரில் டிக்கெட் கொடுத்தது என் பக்கத்து வீட்டு ஆர்டெல். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்னடி மார்லிஸ், கண்ணுக்குக் கீழ மையை அப்பிட்டு வந்திருக்க?"

"தூக்கம்டி, தூக்கம். நீ வேணா ரெண்டு நாள் இவனை வெச்சுக்கோ, அப்பத் தெரியும்."

"ஐயோ சாமி, ஆளை விடு. ஹால்ல உக்காந்தா இவன் கச்சேரி வெப்பானே!"

"அழுகை அறை இருக்குல்ல?"

அவள் சிரிப்பு நின்றது. "அது பூட்டியே கெடக்கு. ஒடஞ்ச நாற்காலி எல்லாம் போட்டு வெச்சிருக்கு. தொறந்தா வெர்லின் கத்துவார்."

வெர்லின் தியேட்டர் முதலாளி. அவரேதான் மேலே படமும் ஓட்டுவார். லார்ஸ் சரியாக அந்த நேரம் பார்த்து வீரிட்டான்.

"சரி சரி, வா. அவர்கிட்ட மூச்சு விட்டுடாத."

ஆர்டெல் பூட்டைத் திறந்துவிட்டாள். அறைக்குள் ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. மூச்சு விட்டால் புகையாகத் தெரிந்தது. மூலையில் உடைந்த நாற்காலிகள். ஒரே ஒரு நீள பெஞ்சு. அதன் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. கண்ணாடியைக் கையுறையால் துடைத்தேன். "ஸ்பீக்கர் வேலை செய்யாது, ஊமைப் படமாப் பாரு," என்று சொல்லிவிட்டு ஆர்டெல் போய்விட்டாள்.

ஒன்றரை மணிக்குப் படம் ஆரம்பித்தது. பழைய கறுப்பு வெள்ளைக் காதல் படம். கீழே ஹாலில் பத்துப் பதினைந்து பெண்கள் இருந்திருப்பார்கள். லார்ஸ் அழுதுகொண்டே இருந்தான். நான் அவனைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டே, ஊமைக் காதலர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி இருக்கும்.

கர்ர்ர்... என்று ஸ்பீக்கர் இரைந்தது. பிறகு சத்தம் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆர்டெலுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். திரையில் காதலனும் காதலியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கரில் குதிரைகள் ஓடின. டமால்... டமால்... என்று துப்பாக்கி வெடித்தது.

இரண்டு படத்தின் ஒலி எப்படியோ கலந்துவிட்டது போலும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அப்புறம் இன்னொன்று. அறை வெதுவெதுப்பாகிவிட்டது. என் மூச்சு இப்போது புகையாகத் தெரியவில்லை. நான் மேல்கோட்டைக் கழற்றினேன். லேசாக நிலக்கரி வாடை அடித்தது. நெற்றிப்பொட்டு இரண்டும் விண் விண்ணென்று தெறித்தன. லார்ஸின் அழுகை சிணுங்கலாகி, அதுவும் நின்றது. பகலில் அவன் தானாகத் தூங்கியது அதுதான் முதல் தடவை. கடவுளே, உனக்குக் கோடி நன்றி என்றேன்.

"தூங்கிட்டானா?"

தூக்கிவாரிப் போட்டது.

பெஞ்சின் அந்தக் கோடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. பச்சை நிறக் கம்பளிக் கோட்டு, தொப்பி, கையுறை. முப்பது வயதுக்குள் இருக்கும். தோளில் பனித்துகள் ஒட்டியிருந்தது.

"ஆமா... இப்பத்தான்," என்றேன்.

"இங்க எல்லாக் குழந்தையும் சீக்கிரம் தூங்கிடும்."

"உங்க குழந்தை?"

"தூங்குது."

அவளோடு எந்தக் குழந்தையும் இல்லை. ஹாலில் வேறு யாராவது மடியில் வைத்திருக்கிறார்களோ என்னவோ. எனக்கு யோசிக்க முடியவில்லை. தலை அப்படி வலித்தது.

அவள் எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"நீ போய்ப் படம் பாரும்மா. இப்ப என் முறை."

கொடுத்தேன். யாராக இருந்தாலும் கொடுத்திருப்பேன் என்று இன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் அவனை வாங்கித் தோளில் போட்ட விதம், பிள்ளை பெற்று வளர்த்தவள் விதம். கிட்டத்தில் வந்தபோது கவனித்தேன். தோளில் இருந்த பனி அந்த வெப்பத்திலும் உருகவில்லை.

ஹாலுக்கு வந்ததும் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. அப்பாடா என்று இருந்தது. கடைசி வரிசைக்கு மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்தேன். காதலன் ஏதோ கோமாளித்தனம் செய்தான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று! பத்து நிமிடம் நான் யாருக்கும் அம்மாவாக இல்லை.

பிடரியில் ஏதோ ஊர்வது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள். லார்ஸ் அவள் தோளில். இப்படியும் அப்படியும் ஆடி அவனைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

நானும் கையை ஆட்டினேன். புன்னகைகூடச் செய்தேன். திரும்பிப் படத்தைப் பார்த்தேன்.

ஒரு நிமிடம் போயிருக்கும்... இல்லை, அதற்கும் குறைவு.

மறுபடி திரும்பினேன்.

இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இல்லை... ஆட்டவில்லை.

உள்ளங்கையால் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தாள்.

வாய் அகலத் திறந்திருந்தது. தொண்டை நரம்பு புடைத்திருந்தது. அலறுகிறாள்... ஆனால் ஒரு சத்தம் இல்லை. ஹாலில் காதலனும் காதலியும் கொஞ்சிக் கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்குப் பின்னால்... பெஞ்சு காலியாக இல்லை. வரிசையாகத் துணிச் சுருணைகள். ஒன்றிலிருந்து ஒரு சின்னக் கை தொங்கியது.

அது அசையவில்லை.

எதுவும் அசையவில்லை.

லார்ஸும்...

ஓடினேன்.

கதவுக் குமிழைத் திருகினேன். திரும்பியது. கதவு வரவில்லை. தோளால் முட்டினேன். வரவில்லை. உதைத்தேன்.

"ஆர்டெல்!"

கதவுக்கு அந்தப் பக்கம்... தப்... தப்... தப்... என்று அதிர்வு மட்டும் என் கையில் தெரிந்தது.

"ஆர்டெல்! என் பிள்ளைடீ!"

அதிர்வு மெதுவாகியது.

தப்...

தப்...

நின்றது.

ஆர்டெல் ஓடி வந்தாள். ஒரு கையால் தள்ளினாள். கதவு சும்மா திறந்துகொண்டது.

உள்ளே ஐஸ் பெட்டி மாதிரிக் குளிர். எங்கள் மூச்சு புகையாகத் தெரிந்தது. உடைந்த நாற்காலிகள். யாரும் இல்லை.

பெஞ்சின் நடுவில் லார்ஸ் கிடந்தான். அவனைச் சுற்றித் தூசி அப்படியே இருந்தது.

கன்னம் இரண்டும் ரத்தச் சிவப்பு. தூக்கினேன். தலை தொங்கியது. "லார்ஸ்... லார்ஸ்..." மூச்சு இருக்கிறதா, இல்லையா? தெரியவில்லை. கோட்டுகூடப் போடாமல் அவனை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பனிக்காற்று முகத்தில் அறைந்தது. அவன் வாயைப் பிளந்தான். ஒரு விக்கல். இன்னொரு விக்கல்.

பிறகு வீல் என்று கத்தினான்.

நான் பனியில் மண்டியிட்டு உட்கார்ந்து அந்த அழுகையைக் கேட்டேன். ராத்திரி ராத்திரியாக எந்தச் சத்தம் நின்றால் போதும் என்று இருந்தேனோ, அதே சத்தம். நிறுத்தாதேடா, நிறுத்தாதே என்று அவனைக் கெஞ்சினேன்.

ஆஸ்பத்திரியில் எங்கள் இருவரின் ரத்தத்தையும் சோதித்த டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"காரை ஓட விட்டுட்டு கராஜுக்குள்ள உக்காந்திருந்தீங்களா?"

"இல்லையே, தியேட்டர்ல இருந்தோம்."

"ரெண்டு பேர் ரத்தத்துலயும் கார்பன் மோனாக்சைடு இருக்கும்மா. கரிப்புகை விஷம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா, பிள்ளை இல்ல."

சாயங்காலம் வெர்லின் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் அருகே நின்றார். பச்சைக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் வெளிறியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"தோரான்னு பேரு. 1951, இதே மாதிரி ஒரு புதன்கிழமை. அந்த அறைக்கு நேர் கீழதான் கரி உலை இருந்துச்சு. புகைக் குழாய் வெடிச்சு, அத்தனையும் மேல ஏறிடுச்சு. கதவு வேற இறுகிக்கிச்சு. அன்னிக்கு அவ முறை."

"உள்ள எத்தனை குழந்தைங்க?"

"அவளோடதையும் சேர்த்து எட்டு. அதுல ஒண்ணு என் தம்பி."

நான் லார்ஸைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவ கண்ணாடியத் தட்டினதை ஹால்ல எல்லாருமே பார்த்திருக்காங்க, மார்லிஸ். குதிரை, துப்பாக்கின்னு ஓடுற படம், சத்தம் வேற. பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுறான்னு நெனச்சிருக்காங்க. எங்கம்மா கையைக்கூட ஆட்டினாங்களாம்."

நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

புகை ஏறிய மூளைக்கு இல்லாததெல்லாம் தெரியும் என்பார் டுவேன். இருக்கட்டும். அவள் என் பிள்ளையைக் கேட்டு வாங்கியது காப்பாற்றவா, அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது.

"இத்தனை நடந்தும் அந்த உலையைச் சரி பண்ணாம வெச்சிருக்கீங்களே, நீங்கல்லாம் மனுஷங்களா? என் பிள்ளை செத்திருப்பான்!"

வெர்லின் என்னையே பார்த்தார். அவர் கை தொப்பியைக் கசக்கியது.

"எந்த உலைம்மா? அந்த வாரமே பிடுங்கிப் போட்டுட்டாங்க. குழியில சிமெண்டைக் கொட்டி மூடியாச்சு. முப்பது வருஷமா தியேட்டருக்குக் கரண்ட் ஹீட்டர்தான். அந்த அறைக்கு அதுகூடக் கெடையாது. மத்தியானமே தீயணைப்புக்காரங்க வந்து மூலை முடுக்கெல்லாம் சோதிச்சுட்டுப் போனாங்க. புகை வர்றதுக்கு அந்தக் கட்டடத்துல ஒண்ணுமே இல்ல."

கட்டிலில் லார்ஸ் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். அவனைக் கொல்லப் பார்த்த புகை, நான் பிறப்பதற்கு முன்பே அணைந்துபோன உலையிலிருந்து வந்திருந்தது.